கோடை விடுமுறைக்கு வெளிநாடு போகிறீர்களா? கரன்சியை இப்போதே வாங்கிவிடுங்கள்

பங்குனி பாதி கழிந்துவிட்டது. முழுப்பரீட்சை முடிந்த மறுவாரமே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஷார்ஜாவுக்கும் துபாய்க்கும் கிளம்புகிற குடும்பங்கள் களியக்காவிளை, படந்தாலுமூடு, குழித்துறை, மார்த்தாண்டம் பக்கம் ஏராளம். கொழும்பு, சிங்கப்பூர் சுற்றுலாவுக்கும் எருசலேம் புனிதப் பயணத்துக்கும் போகிறவர்களும் உண்டு. டிக்கெட்டை மாதக்கணக்கில் முன்கூட்டியே எடுத்துவிடுகிறார்கள். கரன்சி மட்டும் கடைசி நாள் வேலையாகிவிடுகிறது. திருவனந்தபுரம் சாக்கையில் இறங்கி, பெட்டியை உருட்டிக்கொண்டு போய், விமான நிலையக் கவுண்டரில் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு ஏறுகிறோம். இந்த வருஷம் அப்படிச் செய்யாதீர்கள்.

முதலில் நாள்காட்டியைப் பாருங்கள். ஏப்ரல் 1 அன்று வருடாந்தரக் கணக்கு முடிப்புக்காக வங்கிகள் அடைப்பு. பெரிய வெள்ளியும் விடுமுறை. ஏப்ரல் 14 நமக்குச் சித்திரை விசு. விசுவுக்குப் பாறசாலை, நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரத்திலும் கடைகள் திறந்திருக்குமென்று நம்பிப் போக முடியாது. சனி, ஞாயிறுகளில் அந்நியச் செலாவணிச் சந்தை இயங்காது. திங்கட்கிழமை விலை ஏறிவிட்டால் நஷ்டம் வரக்கூடாதென்று அந்த இரண்டு நாளும் கடைக்காரர்கள் விலையைக் கொஞ்சம் தூக்கியே வைப்பார்கள். செவ்வாய் முதல் வியாழன் வரை உள்ள ஒரு நாளில் போவதே நல்லது. புறப்படுவதற்கு 60 நாள் முன்பிருந்தே வாங்கலாம் என்பது விதி. ஆகையால் மே முதல் வாரப் பயணத்துக்கும் இப்போதே வாங்கிவிடலாம்.

விலை கேட்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். போனில் தேடினால் வருவது சந்தையின் நடுவிலை. அந்த விலைக்கு யாரும் நோட்டு தரமாட்டார்கள். கடைக்கு வாங்கும் விலை ஒன்று, விற்கும் விலை ஒன்று. இடைவெளிதான் அவர்களுடைய வருமானம். உதாரணத்துக்கு டாலரின் நடுவிலை 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஊர்க்கடை 91.20 சொல்கிறது, விமான நிலையத்தில் 96 என்றால் 1,000 டாலருக்கு 4,800 ரூபாய் வித்தியாசம். மூன்று கடைகளுக்குப் போன் போடுங்கள். “ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து 1,000 டாலருக்கு மொத்தம் எவ்வளவு தர வேண்டும்?” என்று கேளுங்கள். ஒரு லட்சம் ரூபாய் வரையிலான மாற்றத்துக்கு, தொகையில் 1 சதவீதத்தைச் சேவை மதிப்பாகக் கொண்டு அதன் மேல் 18 சதவீதம் வரி. 91,200 ரூபாய்க்கு 164 ரூபாய்தான் வரும். அதற்கு மேல் வரி என்று யாராவது பெரிய தொகை சொன்னால் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள்.

வளைகுடா போகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு கையில் இருக்கட்டும். அமீரகத் திர்ஹம் டாலரோடு 3.6725 என்று கட்டப்பட்டது, அசைவதில்லை. சவூதி ரியால் 3.75. அன்றைய டாலர் விலையை அந்த எண்ணால் வகுத்தால் நியாயவிலை தெரிந்துவிடும். டாலர் 90 என்றால் திர்ஹம் ஏறக்குறைய 24.50. கடைக்காரர் 26 சொன்னால் ஆறு சதவீதம் மேலே வைக்கிறார் என்று பொருள். டாலரை வாங்கிப் போய் அங்கே திர்ஹமாக மாற்றுவதும் வேண்டாம், இரண்டு முறை இடைவெளி கொடுக்க வேண்டியிருக்கும். எருசலேமுக்கு நம் பக்கம் ஷெக்கல் நோட்டு கிடைப்பது சிரமம், டாலரே போதும்.

இந்தச் சின்ன இடைவெளியைக் கணக்குப் பார்ப்பது நம் ஊருக்குப் புதிதல்ல. திருவிதாங்கூர் மன்னராட்சிக் காலத்தில் அந்தச் சர்க்காரின் ரூபாய்க்கு 28 சக்கரக் காசு, பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம். ஆரல்வாய்மொழி தாண்டிப் பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த திருநெல்வேலிப் பக்கம் கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தவர்களுக்கு அந்த அரைச் சக்கரமும் கணக்குத்தான்.

இனி முக்கியமான விஷயம். சென்ட் பாட்டிலும் வாட்சும் விற்கிற கடையிலும் மொபைல் கடையிலும் திர்ஹமோ டாலரோ “இருக்கு” என்பார்கள். இரண்டு வருஷம் முன்பு என் அக்கா அப்படி ஒரு கடையில் கேட்டாள். “பில்லு வேண்டாம்ணா கொஞ்சம் குறைச்சுத் தாரேன் அக்கா” என்றார் கடைக்காரர். வாங்கிவிட்டாள். கொழும்பில் இறங்கி மாற்றப் போனபோது ஒரு நூறு டாலர் நோட்டைக் கவுண்டரில் இருந்தவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வலது மூலையில் கடுகளவு ஊதா மை முத்திரை, அவ்வளவுதான். ஊருக்கு வந்து கேட்டால், “இது நான் தந்த நோட்டில்ல” என்றார் அதே கடைக்காரர். கையில் பில் இல்லாதவள் என்ன பேச முடியும்?

ரிசர்வ் வங்கியின் உரிமம் உள்ள வங்கியிலோ பணமாற்று நிறுவனத்திலோ மட்டும் வாங்குங்கள். உரிம நகலும் அன்றைய விலைப்பட்டியலும் கவுண்டர் அருகே கண்ணில் படும்படி இருக்க வேண்டும். இல்லையென்றால் திரும்பி வந்துவிடுங்கள். உரிமம் இல்லாதவரிடம் வாங்குவது 1999ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி விதிமீறல், தொகையின் மூன்று மடங்கு வரை அபராதம் வரலாம். விடுமுறைக்கு வந்த மச்சான் அன்பளிப்பாகக் கொஞ்சம் திர்ஹம் தந்தால் அது வேறு. ரூபாய் கொடுத்து அவரிடம் வாங்குவது கூடாது.

பாஸ்போர்ட், விசா, டிக்கெட், பான் அட்டை நான்கையும் எடுத்துப் போங்கள். ஒரு பயணத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் போனால் ரொக்கம் வாங்கமாட்டார்கள். இரண்டு பில்லாகப் பிரித்தாலும் மொத்தத்தைத்தான் பார்ப்பார்கள். வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பிவிடுங்கள். தேர்தல் நடத்தை விதி அமலில் இருக்கும்போது ஆவணமில்லாமல் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கத்தோடு களியக்காவிளைச் சோதனைச்சாவடியைத் தாண்டினால் பறக்கும் படை பிடித்து வைத்துக்கொள்ளும். விமானம் காத்திருக்காது. நோட்டாக ஓர் ஆளுக்கு ஒரு பயணத்தில் 3,000 டாலர் மதிப்பு வரைதான், ஒருசில நாடுகளுக்கு விலக்கு உண்டு. பிள்ளைகள் பெயரிலும் தனியாக வாங்கலாம், படிவத்தில் பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும்.

வாங்கியதும் கவுண்டரை விட்டு நகராமல் ஒவ்வொரு நோட்டாகப் பாருங்கள். பேனா எழுத்து, முத்திரை, கிழிசல், ஸ்டேப்ளர் ஓட்டை எது இருந்தாலும் மாற்றிக் கேளுங்கள். நூறு டாலர் என்றால் நடுவில் நீலப்பட்டை ஓடுகிற, 2013இல் வந்த வடிவமே வேண்டுமென்று சொல்லுங்கள். பழையதும் செல்லும்தான், ஆனால் பல நாடுகளில் வாங்கத் தயங்குகிறார்கள். ஐந்தும் பத்துமாகச் சில்லறை நோட்டும் கொஞ்சம் கேட்டு வாங்குங்கள், டாக்சிக்கு உதவும்.

எல்லாவற்றையும் நோட்டாகவே வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. பாதியை ஃபாரெக்ஸ் கார்டில் ஏற்றலாம். அங்கே கார்டு தேய்க்கும்போது “ரூபாயிலா, உள்ளூர்ப் பணத்திலா” என்று மெஷின் கேட்டால் உள்ளூர்ப் பணத்தைத் தொடுங்கள்; ரூபாயைத் தொட்டால் கூடுதலாகப் பிடிப்பார்கள். இலங்கையில் 2024 பிப்ரவரி முதல் நம் யூபிஐ செல்கிறது. அதற்கான வெளிநாட்டு வசதியைக் கிளம்பும் முன்பே ஆப்பில் திறந்து வையுங்கள்.

திரும்பி வரும்போது மிச்சமிருந்தால் 2,000 டாலர் மதிப்பு வரை வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேற்பட்டதை 180 நாளுக்குள் மாற்றிவிட வேண்டும். சில்லறைக் காசை இங்கே யாரும் வாங்குவதில்லை, அங்கேயே செலவழித்துவிடுங்கள். பீரோவில் பழைய துணிக்கடை கவரில் கிடக்கும் நோட்டுகளையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். இங்கிலாந்தின் 20, 50 பவுண்டு காகித நோட்டுகள் 2022 செப்டம்பர் 30ஓடு கடைகளில் செல்லாமல் போயின. குவைத்தின் ஐந்தாம் வரிசைத் தினார்களை மாற்றும் கெடு 2025 ஏப்ரல் 18இல் முடிந்தது. மற்ற நாட்டு நோட்டு ஏதாவது அகப்பட்டால், அது இன்னும் செல்லுமா என்று கரன்சி வாங்கப் போகிற அன்றே அந்தக் கவுண்டரில் காட்டிக் கேட்டுவிடுங்கள்.