ஆண் குழந்தைக்கு முன்தோல் நீக்கம்: பெற்றோர் முடிவு செய்யுமுன்

குழந்தை பிறந்த வீட்டில் முடிவு செய்ய வேண்டியவை பல. பெயர் சூட்டும் நாள் எது, முடியிறக்குவது எந்தக் கோயிலில், காது குத்தும்போது எந்தத் தாய்மாமன் மடியில் அமர்த்துவது என்று பேச்சு நீண்டுகொண்டே போகும். ஆண் குழந்தை பிறந்த வீடுகள் சிலவற்றில் இவற்றோடு இன்னொரு கேள்வியும் எழுகின்றது. குழந்தையின் ஆண்குறி நுனியை மூடியுள்ள தோலை அகற்றிவிடலாமா, வேண்டாமா என்பதே அது. வெளிப்படையாகப் பேசக் கூச்சப்படும் செய்தியாதலால், அரைகுறையாகக் காதில் விழுந்ததை வைத்தே பலர் முடிவுக்கு வந்துவிடுகின்றனர். வெட்டிய தோலைத் திரும்ப ஒட்டவைக்க இயலாது. ஆதலின் கூச்சத்தைச் சற்று ஒதுக்கிவைத்து இதனை ஆராய்வோம்.

இந்த அறுவையைத் தமிழ் முஸ்லிம்கள் சுன்னத்து என்றும் கத்னா என்றும் கூறுவர். தமிழ் விவிலியத்தில் இதன் பெயர் விருத்தசேதனம். மலாய் மொழியில் பெர்சூனாட், பெர்காத்தான் என்பர். மருத்துவர்கள் முன்தோல் நீக்கம் என எழுதுவர். நாம் அப்பெயரையே கொள்வோம்.

பேராக் மாநிலத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் வாழும் இளந்தம்பதியரை மனக்கண்முன் நிறுத்திக்கொள்வோம். கணவர் குலை வெட்டுபவர். மனைவி தோட்டத்து நாற்றுமேடையில் வேலை செய்கிறார். ஐந்து மாத ஆண் குழந்தையைக் குளிப்பாட்டும் பொறுப்பு பாட்டியாருடையது. காலை நீட்டி அமர்ந்து, குழந்தையை முழங்கால்மேல் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, மூக்கைப் பிடித்துவிட்டு, இறுதியில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு முன்தோலையும் பின்னுக்குத் தள்ளிவிடுவார். இப்போதே தள்ளிவிட்டால்தான் பின்னாளில் ஒட்டிக்கொள்ளாது என்பது அவர் தம் மாமியாரிடம் கற்ற பாடம். ஒரு நாள் அவ்விடத்தில் இரத்தம் கசிந்தது. தோல் சிவந்து வீங்கியது. சிறுநீர் கழிக்கும்போதெல்லாம் குழந்தை வீறிட்டு அழுதது.

“அத்தை, இனிமேல் அங்கே கை வைக்காதீர்கள்” என்று மருமகள் பதறினார்.

“உன் புருஷனையும் இப்படித்தானம்மா வளர்த்தேன்” என்றார் பாட்டியார்.

பட்டணத்திலிருந்து வந்திருந்த உறவினர் ஒருவர், தோல் இறுகிப்போயிருக்கிறது, வெட்டிவிட்டால் தொல்லை தீரும் என்றார். தந்தைக்கோ இரண்டு அச்சங்கள். பச்சைப் பிள்ளை தாங்குமா என்பது ஒன்று. நம் சமயத்தில் இவ்வழக்கம் இல்லையே, அக்கம்பக்கத்தார் என்ன சொல்வர் என்பது மற்றொன்று.

இவர்கள் அனைவரும் பேசியது அன்பினாலேயே. எனினும் இயற்கை வகுத்துள்ள ஓர் ஏற்பாட்டை இவர்களுள் எவரும் அறிந்திருக்கவில்லை. பிறந்த குழந்தைக்கு முன்தோலும் அதனுள்ளே இருக்கும் மொட்டும் ஒட்டியே இருக்கும். நகம் அதன் அடிச்சதையோடு ஒட்டியிருப்பதுபோல் இதனை எண்ணிக்கொள்ளலாம். குழந்தை வளர வளர அந்த ஒட்டு தானாகவே, சிறிது சிறிதாக விலகும். அதற்கு முன் கையால் தள்ளினால் உட்புறம் கிழியும். கிழிந்த இடம் ஆறும்போது தழும்பாகும். தழும்பான தோல் உண்மையாகவே இறுகும். ஒட்டிக்கொள்ளாதிருக்கச் செய்த காரியமே ஒட்டிக்கொள்ளக் காரணமாகிவிடுகின்றது.

இதனை முதன்முதலில் கணக்கெடுத்துத் தெளிவாக எழுதியவர் டக்ளஸ் கெய்ர்ட்னர் என்னும் பிரிட்டிஷ் குழந்தை மருத்துவர். அக்காலத்தில் இங்கிலாந்தில் ஆண் குழந்தைகளுக்கு, குறிப்பாக வசதி படைத்த குடும்பங்களில், சமயக் காரணம் ஏதுமின்றியே முன்தோலை அகற்றி வந்தனர். தோல் பின்னுக்கு வரவில்லை என்பதே பெரும்பாலும் கூறப்பட்ட காரணம். கெய்ர்ட்னர் 1949ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்ட கட்டுரையில், பிறந்த குழந்தைகளுள் 100க்கு 4 பேருக்கே தோல் முழுமையாகப் பின்னுக்கு வரும் எனக் காட்டினார். ஆறு மாதத்தில் அது 20 பேராகவும், ஓராண்டில் 50 பேராகவும், மூன்றாண்டில் 90 பேராகவும் உயரும் என்பது அவர் கணக்கு. இந்த அறுவையினால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 16 குழந்தைகள் அந்நாட்டில் இறந்து வந்ததையும் அவர் எடுத்துரைத்தார். பெரும்பாலும் மயக்க மருந்தே அதற்குக் காரணமாயிருந்தது. கட்டுரை வெளியான பின், பிரிட்டனில் இவ்வழக்கம் விரைந்து குறைந்தது.

கெய்ர்ட்னரின் கணக்கும் சற்று அவசரக் கணக்கே என்பது பின்னர்த் தெரியவந்தது. டென்மார்க்கில் பள்ளி மாணவர்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த யாக்கோப் ஊஸ்டர் என்னும் மருத்துவர், ஆறேழு வயதிலும் 100க்கு 8 சிறுவர்களுக்குத் தோல் குறுகலாகவே இருப்பதையும், பதினாறு பதினேழு வயதில் அது 100க்கு 1 என்னும் அளவுக்குக் குறைந்துவிடுவதையும் 1968இல் வெளியிட்டார். அச்சிறுவர்களுள் பெரும்பாலோர்க்குக் காலமே மருந்தாயிற்று. ஐந்து மாதக் குழந்தைக்குத் தோல் பின்னுக்கு வரவில்லை என்பது பல் முளைக்கவில்லை என்று கவலைப்படுவதைப் போன்றதே.

பெற்றோரை வீணாகக் கலங்கவைக்கும் வேறு இரண்டு காட்சிகளும் உள. சிறுநீர் கழிக்கும்போது முன்தோல் பலூன் போல உப்புவது ஒன்று. சிறுநீர் பின்னர்த் தடையின்றி வெளியேறி, குழந்தைக்கு வலியும் இல்லையெனில் அஞ்ச வேண்டியதில்லை. ஒட்டு விலகிக்கொண்டிருக்கும் பருவத்தில் இது நிகழும். மற்றொன்று, தோலுக்கு அடியில் தென்படும் வெண்மணிகள். சீழ் என்று எண்ணி இவற்றைப் பிதுக்குவோர் உண்டு. அவை உதிர்ந்த தோலணுக்களின் திரட்சியேயன்றிச் சீழ் அல்ல. நாளடைவில் தாமே வெளிவரும்.

அங்ஙனமாயின் அறுவை எப்போதுமே தேவையில்லையா? அப்படிச் சொல்வதற்கில்லை. முன்பு எளிதில் பின்னுக்கு வந்த தோல் வராமற்போதல், நுனியில் வெள்ளையாகத் தடித்த தழும்பு வளையம் தோன்றுதல், மீண்டும் மீண்டும் சீழ்பிடித்து வீங்குதல் ஆகியவை நோயின் அறிகுறிகள். தழும்பு நோய் எனில் முன்தோல் நீக்கமே உரிய மருத்துவம். ஆனால் அது ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அரிது. தழும்பு இல்லாத வெறும் இறுக்கத்திற்கு, பீட்டாமெத்தசோன் போன்ற களிம்பை மருத்துவர் சொன்னபடி நான்கு முதல் எட்டு வாரங்கள் தடவிவரப் பெரும்பாலோர்க்குத் தோல் நெகிழ்ந்துவிடுகின்றது. முன்னாளில் கத்திக்குச் சென்ற சிறுவர் பலர் இன்று ஒரு சிறு களிம்புக் குழாயோடு வீடு திரும்புகின்றனர்.

நோயில்லாத குழந்தைக்கும் வருமுன் காப்பாகச் செய்துவிடலாம் என்போர் உளர். அவர்கள் கூற்றிலும் உண்மை இருக்கின்றது. அதன் அளவை அறிவதே முக்கியம். முதல் ஆண்டில் ஏறத்தாழ 100 ஆண் குழந்தைகளில் ஒருவருக்குச் சிறுநீர்த் தொற்று வரும். முன்தோல் நீக்கப்பட்டவர்களிடம் அது பெரிதும் குறைவு. அதாவது, ஒரு குழந்தைக்குத் தொற்று வராமல் தடுக்க ஏறத்தாழ 100 குழந்தைகளுக்கு அறுவை செய்ய வேண்டும். அத்தொற்றோ மருந்தினால் குணமாகக்கூடியது. ஆனால் பிறவியிலேயே சிறுநீரகத்தில் அல்லது சிறுநீர்ப் பாதையில் கோளாறுள்ள குழந்தைக்கு இக்கணக்கு பொருந்தாது. அவர்களுக்கு நன்மை மிகுதி. மருத்துவரே அறுவையைப் பரிந்துரைத்தால் தயங்க வேண்டாம்.

எய்ட்ஸ் கிருமியைப் பற்றியும் பலர் கேட்பதுண்டு. தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டா ஆகிய நாடுகளில் நடந்த ஆய்வுகள், பெண்ணுடன் கொள்ளும் உறவின்வழி ஆணுக்கு அக்கிருமி தொற்றும் வாய்ப்பை இந்த அறுவை ஏறத்தாழ 60 விழுக்காடு குறைப்பதாகக் காட்டின. அதனால் உலகச் சுகாதார நிறுவனம் 2007இல், அந்நோய் மிகுதியாகப் பரவியிருந்த ஆப்பிரிக்க நாடுகளுக்கு இதனைப் பரிந்துரைத்தது. அந்த ஆய்வுகளில் கலந்துகொண்டோர் வளர்ந்த ஆடவர் என்பதை மறத்தலாகாது. தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கு அவசரமில்லை. அவன் வளர்ந்து தானே முடிவு செய்ய இடமுண்டு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 1971இல், பிறந்த குழந்தைக்கு இதனைச் செய்ய மருத்துவக் காரணமில்லை என்றது. 2012இல், நன்மைகள் தீங்குகளை விஞ்சினும் எல்லாக் குழந்தைகளுக்கும் வழக்கமாகச் செய்யப் பரிந்துரைக்கும் அளவுக்கு அவை பெரியனவல்ல என்றது. மருத்துவ அறிஞர்களே ஐம்பதாண்டுகளாக எடைபோட்டு வரும் செய்தியை ஒரு மாலைப்பொழுதில் முடித்துவிடத் தேவையில்லை.

முஸ்லிம் குடும்பங்களின் நிலை வேறு. நம் நாட்டில் பெரிதும் பின்பற்றப்படும் ஷாஃபி சட்டப் பிரிவு இதனைக் கட்டாயக் கடமையாகக் கொள்கின்றது. ஆகவே செய்யலாமா என்ற கேள்வி அங்கில்லை. எப்போது, எங்கே, யார் கையால் என்பனவே கேள்விகள். மலாய்க் குடும்பங்கள் பலவற்றில் பிள்ளை பள்ளி செல்லும் வயதை எட்டிய பின், விடுமுறை நாட்களில் செய்வது வழக்கம். முன்னாளில் தோக் முடிம் எனப்படும் கிராமத்துப் பெரியவர் செய்தார். பின்னர் இது மருத்துவமனைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் வந்துவிட்டது. யூதர்கள் எட்டாம் நாளிலேயே செய்துவிடுவர். கிறிஸ்துவத்தில், யூதரல்லாதோர்க்கு இது தேவையில்லை என எருசலேமில் கூடிய அப்போஸ்தலர்களே தீர்மானித்ததாக விவிலியம் கூறும். இந்து சமயத்தில் இச்சடங்கு இல்லை. அதேவேளை, நோய்க்காகச் செய்யும் அறுவையினால் எவர் சமயமும் மாறிவிடுவதில்லை. குடல்வால் அறுவைக்கு யாரும் அக்கம்பக்கத்தாரைக் கேட்பதில்லையன்றோ!

எக்காரணத்தால் செய்வதாயினும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லவேண்டியவை சில உண்டு. குடும்பத்தில், குறிப்பாகத் தாய்வழியில், சிறு காயத்திற்கும் நிற்காமல் இரத்தம் ஒழுகும் நோய் உள்ளதா என்பது அவற்றுள் முதன்மையானது. ஹீமோபீலியா எனப்படும் அந்நோய் பெரும்பாலும் தாய்வழியாக ஆண் மக்களுக்கு வருவது. யூதர்களின் தல்மூது நூலில், இரு மகன்களை இந்த அறுவையினால் இழந்த தாயின் மூன்றாம் மகனுக்கு அது செய்யலாகாது என்று விதித்துள்ளனர். நோயின் பெயரே அறியப்படாத காலத்தில் கண்ணால் கண்டு வகுத்த விதி அது! காது குத்த மட்டுமன்று, இதற்கும் தாய்மாமனை விசாரிக்கத்தான் வேண்டும்.

அடுத்தது, சிறுநீர்த் துளை இருக்கும் இடம். ஏறத்தாழ 300 ஆண் குழந்தைகளில் ஒருவருக்குத் துளை நுனியில் இராமல் அடிப்புறத்தில் அமைந்திருக்கும்; முன்தோலும் மேற்பக்கம் மட்டும் முக்காடுபோல் காணப்படும். பிறவியிலேயே சுன்னத்து ஆன பிள்ளை என்று இதனைக் கண்டு மகிழ்வோரும் உண்டு. அக்குழந்தைக்கு முன்தோலை வெட்டவே கூடாது. துளையைச் சரிசெய்யும் அறுவைக்கு அத்தோல் வேண்டியிருக்கும். குறைமாதக் குழந்தைக்கும் உடல்நலம் குன்றிய குழந்தைக்கும் ஒத்திவைத்தலே முறை.

வலியைப் பற்றியும் ஒரு சொல். பச்சைக் குழந்தைக்கு வலி தெரியாது என மருத்துவ உலகமே ஒரு காலத்தில் நம்பியது. 1980களின் ஆய்வுகள் அந்நம்பிக்கையைத் தகர்த்தன. மரத்துப்போகும் மருந்து என்ன கொடுப்பீர்கள் என்று கேட்பது பெற்றோரின் உரிமை. மருந்தே வேண்டாம், நொடியில் முடிந்துவிடும் என்பவரிடம் பிள்ளையை ஒப்படைக்காதீர். தேர்ந்த கையால் செய்யும்போது கேடு விளைவது அரிதே. எனினும் இரத்தப்போக்கு, சீழ், தோலை அளவுக்கு மீறி அகற்றிவிடுதல், பின்னாளில் சிறுநீர்த் துளை சுருங்குதல் ஆகியவை நேர்வதுண்டு. அறுவைக்குப் பின் புண்மேல் மஞ்சள் நிறப் படலம் சில நாள் காணப்படுவது இயல்பு. இரத்தம் நிற்காவிடினும், காய்ச்சல் கண்டாலும், பன்னிரண்டு மணி நேரம் சிறுநீர் கழியாவிடினும் மருத்துவமனைக்கு விரைக.

நம் தம்பதியர் குழந்தையை அரசாங்கக் கிளினிக்கிற்குத் தூக்கிச் சென்றனர். மருத்துவர் பார்த்துவிட்டு, தோலில் இறுக்கநோய் இல்லை, இழுத்ததால் கிழிந்த காயமே இருக்கிறது என்றார். காயத்திற்கு மருந்து கொடுத்து, வெளிப்புறத்தை மட்டும் நீர்விட்டுக் கழுவினால் போதும் என்றும் சொன்னார்.

“அப்படியானால் எப்போதுதான் தோலைத் தள்ளிக் கழுவுவது, டாக்டர்?” என்று பாட்டியார் விடவில்லை.

“பாட்டி, அவனுடைய தோலை முதலில் தள்ளிப் பார்க்க வேண்டியவன் அவனே. எளிதாக வரத் தொடங்கியதும் குளிக்கும்போது கழுவக் கற்றுக்கொடுங்கள். கழுவிய பின் தோலை முன்னுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். பின்னுக்குப் போன தோல் அங்கேயே சிக்கி வீங்கினால், இரவானாலும் காத்திராமல் மருத்துவமனைக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.”

அறுவையைப் பற்றிக் கணவனும் மனைவியும் வழியெல்லாம் பேசினர். மனைவிக்கு வேண்டாம் என்ற எண்ணம். கணவருக்கு இன்னும் முழுத் தெளிவில்லை. காயம் ஆறட்டும், ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்குப் போகும்போது மறுபடியும் கேட்போம் என்று இருவரும் ஒத்துக்கொண்டனர். பாட்டியார் எண்ணெய்க் கிண்ணத்தை இன்னும் எடுக்கிறார். கை, கால், முதுகோடு நிறுத்திக்கொள்கிறார்.