ஏரோசால் என்பது டப்பா அல்ல

கொசு மருந்து டப்பாவிலும் வாசனை டப்பாவிலும் சின்ன எழுத்தில் 'ஏரோசால்' என்று போட்டிருக்கும். அதனால அந்த டப்பாவுக்குத்தான் அந்தப் பேர்னு பலரும் நினைச்சுக்கிட்டிருக்கோம். டப்பா வெறும் பாத்திரம். காற்றிலேயே மிதந்துகிட்டு நிற்கும் மிக நுண்ணிய துளிகளும் தூளும், அவற்றைத் தாங்கி நிற்கும் காற்றும் சேர்ந்ததுதான் ஏரோசால். மார்கழிப் பனிமூட்டம், வரட்டிப் புகை, நெல்லடிக்கும் களத்தில் எழும்பும் தூசி எல்லாமே ஏரோசால்தான். இதெல்லாம் கெட்டதுன்னு நினைச்சுட வேண்டாம். காற்றில் இப்படித் துகள் மிதக்கலைன்னா நீராவி ஒட்டிக்கொள்ள இடமில்லாமல் மேகமே திரளாது.

டப்பாவுக்கு அந்தப் பேர் ஒட்டிக்கிட்டதும் பூச்சிக்கொல்லியால்தான். இரண்டாம் உலகப்போரில் மலேரியாக் கொசுவிடமிருந்து சிப்பாய்களைக் காக்க அமெரிக்க வேளாண் துறை விஞ்ஞானிகள் குட்ஹியூவும் சல்லிவனும் ஒரு டப்பாவை உருவாக்கினார்கள். 1943-இல் காப்புரிமையும் கிடைத்தது. உள்ளே இருந்தது என்ன தெரியுமா? சாமந்திக் குடும்பத்துப் பூவிலிருந்து எடுத்த பைரித்ரம், கூடவே நம்ம நல்லெண்ணெய்! எள் எண்ணெய் சேர்ந்தால் பைரித்ரத்துக்கு வீரியம் கூடும். அதை வெளியே தள்ள அவர்கள் போட்ட வாயுதான் பின்னாளில் ஓசோன் படலத்தைக் கெடுக்கிறதுன்னு தெரிஞ்சு, 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு ஒதுக்கப்பட்டது.

இனி தோட்டத்துக்கு வருவோம். தெளிப்பு விஷயத்தில் 50 மைக்ரானுக்குக் கீழான துளியை ஏரோசால் என்பார்கள். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். அதைவிடச் சின்னது. கணக்குப் போட்டே பழகின வங்கிக்காரன், அதனால கணக்காகவே சொல்லிடறேன். பத்தடி உயரத்திலிருந்து 100 மைக்ரான் துளி தரைக்கு வர ஏறக்குறைய 10 விநாடி. 20 மைக்ரான் துளிக்கு 4 நிமிஷம். 5 மைக்ரானுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகக் காற்று, அதாவது நாம நடக்கிற வேகம், அடிச்சால் முதல் துளி 45 அடி தள்ளி விழும். இரண்டாவது ஏறக்குறைய 1,100 அடி தள்ளிப் போகும். மூன்றாவது ஊரைத் தாண்டிடும். வெயிலில் தண்ணீர் ஆவியாகி, பெரிய துளியும் போற வழியிலேயே சின்னதாகும். 'என் காடு, நான் அடிக்கிறேன், உனக்கென்ன?' என்ற பேச்சு இந்தக் கணக்கில் நிற்காது.

காசர்கோடு நமக்குத் தெரிந்ததுதான். கேரள அரசின் தோட்டக் கழகம் முந்திரிக் காடுகளில் எழுபதுகளின் கடைசியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தது. மேடும் பள்ளமுமான அந்தப் பூமியில் மருந்து முந்திரி இலையோட நிற்கலை. கிணற்றுக்கும் ஓடைக்கும் வீட்டுக்கும் போனது. பத்ரே போன்ற கிராமங்கள் இன்னும் அதைச் சுமக்கின்றன. உச்ச நீதிமன்றத் தடை 2011-இல்தான் வந்தது.

நம்ம சேலம், நாமக்கல் பக்கம் குச்சிக்கிழங்குக்கு வந்த மாவுப்பூச்சியை நினைச்சுப் பாருங்க. 2020-இல் திருச்சூரில் முதலில் தென்பட்டு இங்கே பரவியது. மருந்து அடிச்சு மாளலை. அதை அடக்க ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து ஒரு குட்டி ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து பெங்களூருவில் பெருக்கி, 2022-இல் நம்ம ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வெளியே விட்டார்கள். கண்ணுக்கே சரியாத் தெரியாத பூச்சி அது. பக்கத்துக் காட்டிலிருந்து மிதந்து வரும் மருந்து மாவுப்பூச்சியைக் கொல்லுமோ கொல்லாதோ, மெழுகுப் போர்வை இல்லாத இந்தக் குளவிக்கு அது போதும்.

ஆகவே பக்கத்துத் தோட்டத்து அண்ணனிடம் சண்டைக்குப் போகாமல், இதைச் சொல்லுங்க. அழுத்தத்தைக் குறைத்து, பெரிய துளி விழும் நாசில் போட்டால் அவர் காசும் அவர் இலையிலேயே நிற்கும். காற்றே இல்லாத விடிகாலைதான் தெளிக்க நல்லதுன்னு ஒரு நினைப்பு உண்டு. அது சரியில்லை. அந்நேரம் கீழே குளிர்காற்றும் மேலே சூடான காற்றுமாக மூடி போட்ட மாதிரி இருக்கும். நுண்துளி மேலேயும் போகாமல் கீழேயும் விழாமல் கிடந்து, எந்தப் பக்கம் நகரும்னு சொல்ல முடியாது. ஒரு வரட்டியைப் புகைய விட்டுப் பாருங்க. புகை படுக்கையாகப் பரவினால் பொறுக்கணும். எழும்பி, ஒரே பக்கமாக மெதுவாகப் போனால், அதுவும் உங்க தோட்டத்துக்கு எதிர்ப்பக்கமாகப் போனால், அப்போ அடிக்கலாம்.

வேலி விஷயமும் உண்டு. கிளுவை நல்ல வேலிதான், ஆனால் கோடையில் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும். ஊடே சவுக்கு வையுங்க. அகன்ற இலையைவிட ஊசி போன்ற இலைதான் நுண்துளியை நன்றாகப் பிடிக்கும்.

இன்னொன்று, நம்ம ஆட்களுக்கும் சேர்த்து. இஞ்சி-பூண்டு-மிளகாய்க் கரைசலும் விசைத்தெளிப்பானில் போனால் ஏரோசால்தான். பத்து மைக்ரானுக்குக் கீழான துளி மூக்கில் தங்காமல் நுரையீரலுக்கு இறங்கும். முகத்தில் கட்டுகிற துண்டு அதைத் தடுக்காது. பொருந்தி உட்காரும் நல்ல முகக்கவசம் போட்டு, காற்றுக்கு முதுகு காட்டி நடந்து தெளியுங்க.