கியர் விழலையா? முதலில் இன்ஜினை அணைத்துப் பாருங்கள்!

 

எங்க அப்பா ஒரு பழைய வேனில் காய்கறி லோடு அடிக்கிறார். போன மாதம் ஒரு நாள் விடிகாலையில் சந்தைக்குக் கிளம்பும்போது கியர் விழவே இல்லை. ரிவர்ஸ் போட்டால் 'கர்ர்ர்' என்று சத்தம். பார்க்க வந்த மெக்கானிக், "கியர் பாக்ஸை இறக்கணும்ணே, எட்டாயிரம் ஆகும்" என்று சொல்லிட்டார். அப்பா முகம் வாடிப்போச்சு. சாயங்காலம் லாரி ஓட்டும் எங்க மாமா வந்தார். ஐந்தே நிமிடத்தில் கோளாறு எங்கே என்று சொல்லிவிட்டார். எப்படி? அதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் கொஞ்சம் பாடம்

இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் இருப்பது கிளட்ச். மிதியை அழுத்தினால் இரண்டையும் பிரித்துவிடும். பிரிந்தால்தான் கியர் சுலபமாக மாறும். பாக்ஸுக்குள் சிங்க்ரோ என்ற வளையம் இருக்கிறது. வேறு வேறு வேகத்தில் சுற்றும் பாகங்களை உராய்வால் ஒரே வேகத்துக்குக் கொண்டுவருவது அதன் வேலை. 1928-ல் காடிலாக் காரில்தான் இது முதன்முதலில் வந்தது. நிறைய பழைய வண்டிகளில் ரிவர்ஸ் கியருக்குச் சிங்க்ரோ கிடையாது. அதனால் கிளட்ச் சரியாகப் பிரியவில்லை என்றால் முதலில் கத்துவது ரிவர்ஸ்தான்! 'உராய்வு ஒரு தேவையான தீமை' என்று இயற்பியலில் படிக்கிறோமே, அது இங்கே தேவையான நன்மை.

மாமா செய்த சோதனை

1. ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்தார். இன்ஜினை அணைத்து ஒவ்வொரு கியராகப் போட்டார். எல்லாம் வழுவழுன்னு விழுந்தது.

2. இன்ஜினை ஓடவிட்டு, கிளட்சை முழுசா மிதித்து, ஐந்து எண்ணிவிட்டு ரிவர்ஸ் போட்டார். கர்ர்ர்!

"பாத்தியா மாப்ளே, கிளட்ச் ஒழுங்கா பிரிஞ்சிருந்தா அஞ்சு எண்றதுக்குள்ள உள்ள சுத்தறது நின்னிருக்கும். சத்தமே வராது. கோளாறு பாக்ஸுல இல்ல, கிளட்சுல" என்றார்.

கிளட்ச் கேபிளைக் கழற்றிப் பார்த்தோம். உள்ளே பாதி இழைகள் அறுந்து நீண்டுபோயிருந்தன. புதுக் கேபிள் மாட்டி அட்ஜஸ்ட் செய்தார். செலவு 500 ரூபாய்க்குள் முடிந்தது. மறுநாள் அப்பா சந்தைக்குப் போய்விட்டார்.

அறிகுறியும் காரணமும்

* இன்ஜின் அணைந்தால் எல்லாக் கியரும் விழும், ஓடினால் விழாது: கிளட்ச் பிரியவில்லை. முதலில் மிதிக்கு அடியில் கால்மிதி மடங்கிக் கிடக்கிறதா பாருங்கள்! பிறகு கேபிள். ஆயில் கிளட்ச் என்றால் ஆயில் குறைந்திருக்கலாம், காற்று புகுந்திருக்கலாம்.

* அணைந்தாலும் ஓடினாலும் ஒரே மாதிரி கஷ்டம், கியர் கம்பி தொளதொளன்னு ஆடுகிறது: இணைப்புக் கம்பியின் புஷ் தேய்ந்திருக்கும். 1984-ல் வந்து 2019-ல் உற்பத்தி நின்ற மாருதி வேன் (பிறகு ஆம்னி) போல, முன் சீட்டுக்கு அடியில் இன்ஜின் உள்ள வண்டிகளில் இந்த இணைப்பையும் மறக்காமல் பார்க்க வேண்டும்.

* ஓடும்போது ஒரே ஒரு கியர் மட்டும் கத்துகிறது: அந்தக் கியரின் சிங்க்ரோ தேய்ந்திருக்கலாம். பழைய டிரைவர்கள் போல டபுள் கிளட்ச் அடித்தால் சுலபமாக விழும். விழுந்தால் சந்தேகம் உறுதி.

* காலையில் மட்டும் கடினம், ஓடி சூடானதும் சரியாகிறது: கியர் ஆயிலைக் கவனியுங்கள். வண்டிப் புத்தகத்தில் போட்ட ஆயில்தான் ஊற்ற வேண்டும்.

* போட்ட கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வருகிறது: மவுண்டிங் ரப்பரையும் இணைப்பையும் பாருங்கள். இரண்டும் நன்றாக இருந்தால்தான் பாக்ஸைத் திறக்க வேண்டும்.

கவனம்! இந்தச் சோதனைகளைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும். நாம் பக்கத்தில் நின்று பார்க்கலாம். வெறும் ஜாக்கியை நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகக்கூடாது.

அந்த மெக்கானிக் ஏமாற்றினார் என்று நான் சொல்ல வரவில்லை. சோதிக்காமல் சொல்லிவிட்டார், அவ்வளவுதான். கணக்குப் பரீட்சையில் விடை தப்பானால் நாமும் படி படியாகத்தானே சரிபார்க்கிறோம்? கோளாறைத் தேடும்போது காசு செலவில்லாத இடத்தில் தொடங்குங்கள். கியர் பாக்ஸ் கடைசி!

உங்களுக்கு ஒரு கேள்வி: நியூட்ரலில் நிற்கும் வண்டியில் 'ஙொய்' என்று சத்தம். கிளட்சை மிதித்தால் நின்றுவிடுகிறது. சத்தம் கியர் பாக்ஸிலிருந்தா, இன்ஜினிலிருந்தா? காரணத்தோடு விடையை இந்தத் தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதுங்கள்.



— 11-ஆம் வகுப்பு மாணவன்