காட்டோரம் பழங்காசு கண்டால்

குமரி மாவட்டத்தின் காளிகேசம், உலக்கை அருவி போன்ற இடங்களில் மழைக்குப் பின் மண் கரையும்போது காசுகள் வெளிப்படலாம். பெரும்பாலும் அவை சுற்றுலா வந்தவர்கள் தவறவிட்ட சில்லறையாகவே இருக்கும். ஆனால் 1949 வரை இந்தப் பகுதி திருவிதாங்கூர் சமஸ்தான மண். ஆகவே சங்கு முத்திரை கொண்ட காசும் சக்கரமும் கிடைக்க வாய்ப்புண்டு. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம் என்பது அன்றைய கணக்கு. வெள்ளிச் சக்கரம் மிகச் சிறியது; சருகோடு சருகாகத் தவறிவிடும்.

மெட்டல் டிடெக்டருடன் காப்புக்காட்டில் நுழைந்து தோண்டுவது வனச் சட்டப்படி குற்றம். தரையில் தானாகக் கிடந்தாலும் இடத்தையும் தேதியையும் குறித்துக்கொண்டு வனத்துறையினரிடம் காட்டுவதே முறை.

சொந்தத் தோட்டத்தில் வாழைக்குக் குழி வெட்டும்போது காசுக்கலயம் அகப்பட்டால் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் பொருந்தும். மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே (அந்த வரம்பு இன்றும் மாறவில்லை) மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் பங்கு பறிபோவதோடு ஓராண்டு வரை சிறையும் உண்டு. முறையாகத் தெரிவித்து, புதையலுக்கு உரிமையாளர் எவரும் இல்லையென முடிவானால், நிலம் பிறருடையதாக இருந்தாலும் வேறு ஒப்பந்தம் இல்லாதவரை கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நில உரிமையாளருக்குக் கால் பங்கு. அரசே எடுத்துக்கொண்டால் மூலப்பொருளின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகத் தரும்.

கிடைத்த காசைக் குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கக் கூடாது. களிம்போடு எழுத்தும் போய்விடும். மண்ணை மென்மையாக உதிர்த்து, உலர்ந்த காகித உறையில் வைத்தால் போதும்.