முத்துக்குளித்துறையின் சின்ன உபதேசிமார்

சிலுவையைக் கையிலேந்தித் திரளான மக்களுக்குப் போதிக்கும் புனித பிரான்சிஸ்கு சவேரியாரின் படத்தைக் காணாத கத்தோலிக்க வீடு எம்மிடையே அரிது. ஆனால் முத்துக்குளித்துறையில் அவர் செய்த வேலையின் பெரும்பகுதி, கைமணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாய்ச் சென்று பிள்ளைகளைக் கூப்பிட்டுச் செய்த வேலையாகும்.

தூத்துக்குடி, மணப்பாடு முதலிய கரையூர்களில் வாழ்ந்த பரதவ மக்களுள் ஏறத்தாழ 20,000 பேர் 1535க்கும் 1537க்கும் இடையில் ஞானஸ்நானம் பெற்றனர். முத்துக்குளிப்பு உரிமை பற்றிய சச்சரவில் போர்த்துக்கேயரின் துணையை நாடியதே அதற்கு உடனடிக் காரணம். இதை மறைக்க வேண்டியதில்லை. ஞானஸ்நானம் கிடைத்தது, போதிக்க ஆள் கிடைக்கவில்லை. 1542 ஒக்டோபரில் சவேரியார் வந்தபோது, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதைத் தவிர வேதத்தைப் பற்றி வேறொன்றும் அறியாதவர்களாய் அம்மக்கள் இருந்தனர்.

அவரை முதலிற் பிடித்துக்கொண்டவர்கள் பிள்ளைகளே. செபங்களைக் கற்பிக்கும்வரை தம்மைக் கட்டளைச் செபம் சொல்லவோ, உண்ணவோ, உறங்கவோ அவர்கள் விடவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். நாளுக்கு இருமுறை அவர்களைக் கூட்டி, விசுவாசப் பிரமாணம், பரலோக மந்திரம், மங்கள வார்த்தை, பத்துக் கற்பனைகள் ஆகியவற்றைத் தமிழிலேயே சொல்லிக்கொடுத்தார். படித்ததை வீட்டில் தாய் தகப்பனுக்கும் அயலவருக்கும் சொல்லிக்கொடுப்பது பிள்ளைகளின் கடமை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் முழுவதும் கூடும். பிரமாணத்தின் ஒவ்வொரு பிரிவையும் சொல்லி, இதை விசுவசிக்கிறீர்களா என்று கேட்பார். எல்லாரும் கைகளை மார்பின்மேல் சிலுவையாக மடித்து, ஆம் என்பார்கள். கிளிப்பிள்ளைப் பாடம் என்று இதை இகழ்வோர் அந்தக் கேள்வியையும் கவனிக்கவேண்டும்.

பிள்ளையை ஞாயிறு மறைக்கல்விக்கு அனுப்பிவிட்டால் எம் கடமை தீர்ந்தது என்று நினைக்கும் பெற்றோர் இன்று பலர். திரும்பி வந்ததும், என்ன படித்தாய், எனக்கும் சொல் என்று கேட்போர் எத்தனை பேர்?

நோயாளிகளைச் சந்திக்கும்படி நாலாபக்கமிருந்தும் அழைப்பு வரும். எல்லா இடத்துக்கும் தாமே போக முடியாதபோது, தம் செபமாலையைச் சிறுவர் கையில் கொடுத்து அனுப்புவார். அவர்கள் நோயாளியின் வீட்டாரையும் அயலாரையும் கூட்டி, பிரமாணத்தைப் பலமுறை சொல்லிச் செபிப்பார்கள். வலையும் தோணியுமே வாழ்வாயிருந்த ஏழைக் குடிசைகளில், குருவானவரின் இடத்தில் ஒரு சிறுவன் நின்றான்.

இச்சிறுவர்கள் சிலை வழிபாட்டைக் கண்டால் பெற்றோரையே கண்டித்து, சவேரியாரிடம் வந்து முறையிடவும் செய்தார்கள். சிலைகளை உடைக்கவும் செய்தார்கள். அவர் இதை மகிழ்ச்சியோடு எழுதுகிறார். அக்காலத்தின் மனப்போக்கு அது. பிற சமயங்களில் உள்ள உண்மையும் தூய்மையுமானவற்றை மதிக்கும்படி 1965ஆம் ஆண்டு இரண்டாம் வத்திக்கான் சங்கம் எமக்குக் கற்பித்தது. சவேரியாரின் ஆர்வத்தை எம் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம், இதைக் கொடுக்கக்கூடாது.

அவருக்குப் பெருந்தடையாயிருந்தது மொழி. இரு மொழியும் அறிந்தவர்களைக் கொண்டு செபங்களை மொழிபெயர்த்து, அவற்றைத் தாமும் மனப்பாடம் செய்தார். அப்படியும் பிழை நுழைந்தது. விசுவசிக்கிறேன் என்னவேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்ற சொல் நின்றதைக் கண்டு, அதை மாற்றி ‘விசுவாசம்’ என்ற சொல்லை வழங்கும்படி 1544இல் தம் துணைவர் மன்சிலாசுக்கு எழுதினார். விருப்பம் வேறு, விசுவாசம் வேறு! ஓயாத அலைச்சலின் நடுவே ஒரு சொல்லுக்காக அவர் கடிதம் எழுதினார். பிள்ளைகளுக்கு ஒழுங்காகப் படிப்பிக்கும்படி வற்புறுத்துவதும் மன்சிலாசுக்கு எழுதிய கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும்.

அவ்வாண்டிலேயே மன்னார் மக்களின் வேண்டுகோளுக்கிணங்கி ஒரு குருவானவரை அனுப்பிவைத்தார். புதிதாய் ஞானஸ்நானம் பெற்ற அவர்களுள் 600 பேரளவில் யாழ்ப்பாண அரசன் சங்கிலியின் ஆணையால் உயிர்துறந்த வரலாற்றை எம் வாசகர் அறிவர்.

சவேரியார் ஊரில் இல்லாத காலத்தில் படிப்பு நிற்கக்கூடாதே! ஊருக்கு ஊர் செபங்களின் பிரதியொன்றை விட்டுச்சென்றார்; கற்பிக்க உள்ளூர் உபதேசிமாரை நியமித்தார். அவர்களின் வேதனத்துக்கு, போர்த்துக்கல் இராணி கத்தரீனம்மாளின் பாதரட்சைச் செலவுக்கென அக்கரையிலிருந்து ஆண்டுதோறும் போன 4,000 பணத்தைக் கேட்டுப் பெற்றார். மோட்சம் ஏறுவதற்கு இப்பிள்ளைகளைவிட நல்ல பாதரட்சை இராணிக்குக் கிடையாது என்பது அவருடைய வாதம்.

அவரையடுத்து அங்கு உழைத்த அண்டிரிக்கு அடிகளார் தமிழை இலக்கணத்தோடு கற்றார். அவர் தமிழாக்கிய ஞானோபதேச நூலாகிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் அச்சேறியது. பதினாறே பக்கம். தமிழெழுத்தில் அச்சிடப்பட்டு இன்று எமக்குக் கிடைக்கும் நூல்களுள் அதுவே மிகப் பழையது.