நம் இரத்தத்தில் ஒரு காவற்படை

பால்வெட்டும் கத்தி விரலில் பட்டுவிட்டால், அவ்விடம் சிவந்து, வீங்கி, சூடாவதை நாம் அறிவோம். காயத்தின் வழியே நுழைந்த கிருமிகளை உடல் எதிர்ப்பதன் அடையாளம் அது. அப்போரில் முன்னணியில் நிற்பவற்றுள் 'நிரப்புப் புரதங்கள்' குறிப்பிடத்தக்கவை.

1895ஆம் ஆண்டில், பாரிஸ் நகரின் பாஸ்டர் ஆய்வுக்கூடத்தில் பெல்ஜிய நாட்டு மருத்துவர் ஜூல்ஸ் போர்டே காலராக் கிருமிகளை ஆராய்ந்தார். அக்கிருமிகளுக்கு எதிர்ப்பாற்றல் பெற்ற பிராணியின் இரத்தநீர் அவற்றைக் கொன்றது. அந்நீரை 55 பாகை செல்சியஸ் அளவில் சூடாக்கியதும் அவ்வாற்றல் மறைந்தது. எதிர்ப்பாற்றல் பெறாத பிராணியின் புதிய இரத்தநீரைச் சிறிது சேர்த்ததும், மறைந்த ஆற்றல் திரும்பியது!

ஆகவே, இரு பொருள்கள் கூடியே கிருமியைக் கொல்கின்றன என்பது தெளிவாயிற்று. ஒன்று, குறிப்பிட்ட கிருமியை அடையாளங்காணும் எதிர்ப்பொருள். அது சூட்டைத் தாங்கும். மற்றொன்று, இயல்பாகவே இரத்தத்தில் உள்ளது. எதிர்ப்பொருளின் வேலையை நிறைவு செய்வது. 'நிரப்பு' என்னும் பெயர் அதனால் வந்தது. 1919ஆம் ஆண்டுக்குரிய மருத்துவ நோபல் பரிசு போர்டேவுக்கு வழங்கப்பட்டது.

இப்புரதங்கள் முப்பதுக்கும் மேற்பட்டவை. பெரும்பாலானவை கல்லீரலில் உண்டாகின்றன. காலைப் பெரட்டில் அழைப்புக்குக் காத்திருக்கும் தொழிலாளரைப் போல, இவை செயலற்றுக் காத்திருக்கும். கிருமி நுழைந்ததும் ஒன்று மற்றொன்றைத் தூண்ட, மூன்று பணிகள் நடைபெறுகின்றன.

முதலாவது, கிருமியின்மேல் ஒட்டிக்கொண்டு, வெள்ளணுக்கள் அதனை எளிதில் விழுங்கச் செய்தல். இரண்டாவது, மேலும் வெள்ளணுக்களைக் காயத்திற்கு வரவழைத்தல். சிவப்புக்கும் வீக்கத்திற்கும் இதுவும் ஒரு காரணம். மூன்றாவது, சிலவகைக் கிருமிகளின் மேலுறையைத் துளைத்தல். துளை வழியே நீர் புகுந்து அவை வெடித்து மடியும். நமது அணுக்களின்மீதோ இத்தாக்குதலைத் தடுக்கும் காப்புப் புரதங்கள் உள்ளன.

இருப்பினும், இப்படையை மட்டும் நம்பி வாளாவிருத்தல் ஆகாது. மண்ணில் வாழும் டெட்டனஸ் கிருமி, காயத்தினுள் தங்கி நஞ்சைக் கக்கும். உயிரைக் குடிப்பது அந்நஞ்சே. நஞ்சு ஓர் உயிரணு அன்று. அதில் துளையிட இடமில்லை. அதனை முறிக்க எதிர்ப்பொருள் வேண்டும். டெட்டனஸ் நோய் கண்டு பிழைத்தவருக்கும் போதிய எதிர்ப்பாற்றல் உண்டாவதில்லை. தடுப்பூசியே அதனைத் தரும்.

எனவே, காயம் பட்டால் உடனே சுத்தமான நீராலும் சவர்க்காரத்தாலும் கழுவுங்கள். மண்ணையோ காப்பித்தூளையோ அப்பாதீர்கள். மருந்தகம் சென்று, கடைசியாகத் தடுப்பூசி போட்ட ஆண்டைக் கூறுங்கள். நினைவில்லையெனில் அதனையும் மறைக்காது சொல்லுங்கள். குழந்தைகளுக்குரிய தடுப்பூசிகளை உரிய காலத்தில் போடுங்கள். உடலில் ஒரு படை இயற்கையாகவே உள்ளது. அதற்குத் துணைப்படை சேர்ப்பது நம் கடமை.