வேறு துறை வகுப்பில் இடம் பிடிப்பது எப்படி?

குளத்தூர் தாலுகா பிள்ளைகள் கலை அறிவியல் கல்லூரிக்கு என்றால் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறுவார்கள், இல்லாவிட்டால் திருச்சிக்கு. இரண்டு பக்கமும் உள்ள கல்லூரிகளில் பெரும்பாலானவை பாரதிதாசன் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். என எதில் சேர்ந்தாலும், சொந்தத் துறைக்கு வெளியே படிக்க வேண்டிய பாடம் ஒன்று வரும். தாளில் ‘பிறதுறை விருப்பப்பாடம்’ என்று இருக்கும். வகுப்பில் எல்லோருக்கும் அது ‘என்.எம்.இ.’தான். பக்கத்து பெஞ்சுக்காரர் எதை டிக் அடித்தாரோ அதையே தானும் அடித்துவிட்டு அதோடு மறந்துவிடுகிறவர்கள் அதிகம். அப்படி விடக்கூடாத பாடம் இது.

முதலில், இது உங்களுக்கு உண்டா என்று பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழே படிக்காமல் கல்லூரியிலும் பகுதி ஒன்றில் வேறு மொழி எடுத்தவர்கள், இதற்குப் பதிலாக அடிப்படைத் தமிழ் படிக்க வேண்டும். பள்ளியில் தமிழ் படித்துவிட்டுக் கல்லூரியில் வேறு மொழிக்கு மாறியவர்களுக்குச் சிறப்புத் தமிழ். மற்ற எல்லோருக்கும் என்.எம்.இ. பொதுவாக இரண்டாம் ஆண்டில், செமஸ்டருக்கு ஒன்றாக இரண்டு தாள். ஒவ்வொன்றுக்கும் 2 கிரெடிட். கல்லூரி தன்னாட்சி பெற்றது என்றால் செமஸ்டரும் மதிப்பெண் விதியும் மாறலாம். புதுக்கோட்டையில் 1880-இல் தொடங்கிய மன்னர் கல்லூரி அப்படித் தன்னாட்சி பெற்றது. ஆகவே பக்கத்துக் கல்லூரி நண்பர் சொல்லும் விதியை நம்ப வேண்டாம். உங்கள் துறை அலுவலகத்திலேயே கேளுங்கள்.

அடுத்து, தாளின் பெயரைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பெயர் ஒன்று சொல்லும், ஐந்து யூனிட்டும் வேறொன்று சொல்லும். சிலபஸைக் கேட்டு வாங்குங்கள். சீனியர்களிடம் பழைய வினாத்தாள் இரண்டு கிடைத்தால் போதும், கணக்கு எவ்வளவு, கட்டுரை எவ்வளவு, தமிழில் எழுத அனுமதி உண்டா என்பது தெரிந்துவிடும்.

எதை எடுப்பது என்பதில்தான் தடுமாற்றம். “மார்க் அள்ளிப் போடுவார்கள்” என்ற பேச்சை நம்பி எடுப்பவர்களே அதிகம். பட்டத்தின் வகுப்பைக் கணக்கிடும்போது பெரும்பாலும் மேஜர் பகுதியைத்தான் பார்க்கிறார்கள் என்பதால், இதில் கூடுதலாகப் பத்து மார்க் வாங்கிப் பெரிய ஆதாயம் இல்லை. (அரியர் வைத்தால் மட்டும் பட்டம் கைக்கு வராது.) நான் சொல்லும் வழி வேறு. உங்கள் ஊரில் உங்கள் மேஜரை வைத்து மட்டும் விளங்காத ஒரு பொருளைப் பிடியுங்கள். அது எந்தத் துறையின் பக்கம் இழுக்கிறதோ அந்தத் துறையின் தாளை எடுங்கள்.

நம் வட்டாரக் கண்மாய்களில் நிற்கும் குமிழித் தூம்பைப் பாருங்கள். கரையை ஒட்டி நீருக்குள் இரண்டு கல் தூண், நடுவே குறுக்குக் கற்கள், அடியில் கல்தொட்டி. மேலே உள்ள நீரோடித் துளை வழியே தெளிந்த நீர் போகும். கீழே உள்ள சேறோடித் துளைகள் வண்டலை இழுத்துக்கொண்டு போகும். தூம்பைக் கட்டிக் கொடுத்தவர் பெயர் சில தூண்களில் கல்வெட்டாகவே இருக்கிறது. வரலாறு படிப்பவர் அந்த எழுத்தைப் படித்துவிடலாம். துளைகளை ஏன் மேலும் கீழுமாக வைத்தார்கள் என்று கேட்டால் நீரழுத்தம் தெரியாமல் முடியாது. இயற்பியல் மாணவருக்கு அழுத்தம் தெரியும், எழுத்து தெரியாது. இந்த இருவரும் ஒருவர் துறைக்குள் ஒருவர் போக வேண்டியவர்கள்.

பழைய குளத்தூர் தாலுகாவில் இருந்த குடுமியான்மலையின் இசைக் கல்வெட்டும் அப்படித்தான். கிரந்த எழுத்தில், ஏழு பகுதிகளாக, சுரங்களை நான்கு நான்காகக் கோத்து வெட்டியிருக்கிறார்கள். கணித மாணவர் ஒருவர் அதைப் பார்த்தால் வரிசைமாற்றக் கணக்கு நினைவுக்கு வராமல் போகாது.

வேலைதான் குறி என்றாலும் வழி இருக்கிறது. குரூப் 1, குரூப் 2 பாடத்திட்டத்தில் இந்திய அரசியலமைப்பும் பொருளாதாரமும் தமிழக வரலாறும் உண்டு. அறிவியல் மாணவர் அவற்றில் ஒன்றை இங்கேயே தொடங்கிவிடலாம். ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம்: வரலாற்றில் இரண்டு தாள் எழுதியதால் நீங்கள் வரலாற்றுப் பட்டதாரி ஆகிவிடுவதில்லை. பி.எட். சேர்க்கைக்கு மேஜரைத்தான் பார்ப்பார்கள்.

படிவம் கொடுத்த அன்றே நிரப்பிக் கொடுத்துவிடுங்கள். இடம் நிரம்பிவிட்டால் மிச்சம் இருப்பதில் தள்ளிவிடுவார்கள். இரண்டாவது, மூன்றாவது விருப்பத்தையும் யோசித்தே எழுதுங்கள். டைம்டேபிளில் எந்த மணி என்று பார்ப்பதும் முக்கியம். கடைசி மணியாக இருந்தால், கீரனூரில் இறங்கி உள்ளூருக்குப் போகும் பஸ்ஸைத் தவறவிடுபவர்கள் இன்டர்னலையும் தவறவிடுவார்கள்.

வகுப்பில் முதல் மாதம் அந்நியமாகத்தான் இருக்கும். அந்தத் துறைக்காரர்கள் சாதாரணமாகப் புழங்கும் சொல்லே உங்களுக்குப் புரியாது. நோட்டின் கடைசிப் பக்கங்களை அதற்கு ஒதுக்கி, புதிய சொல் ஒவ்வொன்றையும் உங்கள் மொழியில் விளக்கி எழுதுங்கள். “சார், எங்கள் துறையில் இதையே வேறு மாதிரி சொல்வார்கள்” என்று கேட்கத் தயங்காதீர்கள். நல்ல ஆசிரியருக்கு அந்தக் கேள்வி பிடிக்கும். அசைன்மென்ட் தலைப்பை நீங்களே கேட்டு வாங்குங்கள். நார்த்தாமலைக்கோ உங்கள் ஊர்க் கண்மாய்க்கோ ஒரு சனிக்கிழமை போய், அளந்து, படம் வரைந்து எழுதிய ஆறு பக்கம், இணையத்தில் இறக்கிய இருபது பக்கத்தைவிட மேல்.

கல்லூரி தரும் பட்டியலில் விரும்பியது இல்லையென்றால் மத்திய அரசின் ஸ்வயம் தளம் இருக்கிறது. பாடம் இலவசம், தேர்வுக்குத்தான் கட்டணம். ஒரு செமஸ்டர் பாடங்களில் 40 சதவீதம்வரை அதன் வழியாகப் படிக்கலாம் என்று யு.ஜி.சி. 2021-இல் விதி வகுத்தது. ஆனால் உங்கள் கல்லூரி அந்த கிரெடிட்டை ஏற்றால்தான் அது மார்க் ஷீட்டில் ஏறும். சேர்வதற்கு முன்பே துறைத் தலைவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

இப்போது முதலாண்டில் இருக்கிறீர்களா? இரண்டாம் செமஸ்டர் விடுமுறைக்கு முன்பே சிலபஸ் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் செமஸ்டர் தொடங்கிய பின் யோசிக்க அதிக நாள் தரமாட்டார்கள்.